காலி அறையின் ஒரு நிமிடம்

ஒலிப்பதிவில் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கிறது என்று கத்திரி சொன்னதும் அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். விழுங்குவதற்கு அவள் வாயில் எச்சில் என்று ஒன்று இருந்தே பதினொரு நாள் ஆகியிருந்தது.

“என்னக்கா, தண்ணி குடிச்சுக்கிட்டே படிச்சீங்களா? மடக்கு மடக்குன்னு கேக்குது.”

“வாய்ல ஒரு சொட்டு ஈரம் இல்லைப்பா. நீ வேற, வயித்தெரிச்சலக் கெளப்பாத.”

கத்திரிக்கு நாற்பது வயது தாண்டி, தலையில் முடியும் போய்விட்டது. அவள் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்கிறவள். அதில் இருக்கும் இருமல், செருமல், பக்கம் புரளும் ஓசை எல்லாவற்றையும் வெட்டி எறிகிறவன் அவன். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். பதினேழு வருடமாக அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு அசிங்கமான சத்தமும் அவனுக்கு அத்துப்படி. கட்டிய கணவனுக்குக்கூட அவ்வளவு தெரியாது.

ஆறு வருடமாக அவள் ஒரு மாத்திரையோடு வாழ்ந்தவள். படபடப்புக்கென்று ஆரம்பித்தது, தூக்கத்துக்கென்று நீண்டது, பிறகு எதற்கென்றே கேட்காமல் பல் தேய்ப்பதுபோல நாளுக்கு ஒன்று என்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. போன வருடம் ஒரு நாவலில் மகனைப் பறிகொடுத்த தாய் அழும் பக்கத்தை அவள் பேருந்து நேர அட்டவணையை வாசிப்பதுபோல வாசித்தாள். வாசித்ததோடு நிற்கவில்லை, அதே பக்கத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து அதே தட்டைக் குரலில் வாசித்து முடித்தாள். இரண்டு முறை வாசித்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. கத்திரி பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலை குனிந்துகொண்டான். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எப்படியாவது இந்த மாத்திரையை விட்டுவிட வேண்டும், தன் குரலைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கணவன் மாத்திரை வெட்டும் சின்ன டப்பாவில் வைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நகைக்கடைக்காரர் தோற்கும் கவனத்தோடு வெட்டிக் கொடுத்தான். முக்கால் வரை சிரமமில்லை. அரை வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். கால் மாத்திரைக்கு இறங்கிய மூன்றாம் நாள்தான் வாய் உலர்ந்தது.

உலர்வது என்றால் தாகம் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பழைய பிளாஸ்திரியை உரிக்கும் சத்தத்தோடு பிரியும். உதட்டின் உட்புறத்தில் மாவு பூசினதுபோல ஒரு படலம் வரும், அதற்கு இரும்பும் பழந்துணியும் கலந்த ஒரு வாடை இருக்கும், ஐஸ் கட்டியை வைத்தால் அது கரையும்வரை நன்றாக இருந்துவிட்டு மறு நொடியே எல்லாம் காணாமல் போய்விடும். அதற்கடுத்துத் தொண்டை. ரொட்டியைப் பாலில் நனைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி விழுங்கப் பார்த்தாலும் தொண்டை திறக்காது. அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

டாக்டரம்மா விளக்கடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். “அடைப்பு ஒண்ணும் இல்லைம்மா. குறைக்கும்போது சிலருக்கு இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிடும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிங்க. ரொம்ப முடியலைன்னா என்கிட்ட வாங்க, நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா கூட்டவும் கூட்டாதீங்க.”

அவள் கூட்டப்போவதில்லை. குரல் திரும்பிக்கொண்டிருந்தது. கால் மாத்திரைக்கு வந்த பிறகு வாசித்த அத்தியாயத்தில் ஒரு கிழவர் கதவருகே நின்று விடைபெறும் இடத்தில் அவள் குரல் தானாக உடைந்தது. கத்திரி கண்ணாடி வழியே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அதற்காக இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டிருக்க அவள் தயார்.

“அக்கா, வாங்க, நீங்களே கேளுங்க” என்று கத்திரி காதுக்கருவியை நீட்டினான்.

முதலில் ஒன்றும் இல்லை. அறையின் மௌனம் மட்டும். அதுகூட வெறும் மௌனம் இல்லை, பதினேழு வருடம் பழகிய காதுக்கு அதில் சத்தத்தை உறிஞ்சச் சுவரில் ஒட்டிய பஞ்சின் கனம் கேட்கும், விளக்கின் மெல்லிய ரீங்காரம் கேட்கும், எங்கோ கீழ்த் தளத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய் கேட்கும். பதினாறாவது நொடியில் வந்தது. மடக். சின்ன விழுங்கல் இல்லை. வாய் நிறைய வைத்திருந்து, அவசரமில்லாமல், ருசித்து இறக்கிய விழுங்கல். தொடர்ந்து மூக்கு வழியாக ஒரு மூச்சு. திருப்தியான மூச்சு.

“இது எந்த அத்தியாயம்?”

“அத்தியாயம் இல்லக்கா. ரூம் சத்தம். திங்கக்கிழமை எடுத்தோமே, அது.”

அவள் காதுக்கருவியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாசிப்பவர் பேசாத அறையை அவர்கள் பதிவு செய்வார்கள். வெட்டின இடத்தை ஒட்ட அந்த மௌனம் வேண்டும். அறையில் ஆள் இருந்தால் மௌனம் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் வேறு மாதிரி. அதனால் வாசிப்பவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தே தீர வேண்டும். கத்திரி பதிவை ஓடவிட்டுக் கீழே டீ குடிக்கப் போவான், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து சுத்தமான ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்துக்கொள்வான். திங்கட்கிழமை அவளால் உட்கார முடியவில்லை. நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம் பதிவாகிவிடும் என்ற பயம். பதினேழு வருடத்தில் முதல் முறையாக, கத்திரி படியிறங்கியதும் அவள் எழுந்து வெளியே வந்து, கனமான கதவை இழுத்துச் சாத்திவிட்டு, நடைவழியில் நின்று ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவன் காலடிச் சத்தம் கேட்டதும் பூனைபோல உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த அறையில் அப்போது யாரும் இல்லை.

“புத்தகம் முழுக்க இதத்தான் ஒட்டியிருக்கேன்” என்று கத்திரி தலையைச் சொறிந்தான். “முன்னூறு எடத்துலயாவது இருக்கும். எப்படித்தான் கவனிக்காம விட்டேனோ. பரவாயில்லக்கா, மறுபடி ஒரு தடவ உக்காருங்க. இந்தத் தடவ விழுங்காதீங்க.”

சொல்லிவிடலாம். நான் வெளியே போயிருந்தேன் என்று சொன்னால் தொழில் மானம் போகும், அது போகட்டும். ஆனால் அப்போது விழுங்கியது யார் என்ற அடுத்த கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கத்திரி கணவனிடம் சொல்வான், கணவன் டாக்டரம்மாவிடம் ஓடுவான், மாத்திரை மறுபடி அரை ஆகும், அரை ஒன்றாகும். அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

நாக்கு ஒட்டாமலிருக்க ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். கதவு மூடியது. வெளிச்சத்தமெல்லாம் அறுந்தது. காதுக்கருவிக்குள் தன் இதயம் துடிப்பதே பெரிதாகக் கேட்டது, சுவரின் கருப்புப் பஞ்சு வழக்கத்தைவிட நெருங்கி வந்து நிற்பதாகத் தோன்றியது, அறையில் இதுவரை இல்லாத ஒரு வாடை, ஈரமான வாயின் வாடை, மைக்குக்குப் பின்னாலிருந்து மெல்லப் பரவியது. அவள் இரண்டு விரலைத் தொண்டையின் மேல் வைத்துக்கொண்டாள். அசைந்தால் தெரிய வேண்டும். நொடிகள் திரையில் ஓடின.

பன்னிரண்டு. பதின்மூன்று.

தண்ணீர் கன்னத்தில் இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

பதினைந்து.

மடக்.

காதுக்குள். மிக அருகில்.

விரலுக்கடியில் தொண்டை அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை. ஆனால் கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. நாக்கால் துழாவினாள். மேலே, கீழே, பல்லுக்குப் பின்னால். தண்ணீர் இல்லை. ஒரு துளி இல்லை. யாரோ துணியால் துடைத்து எடுத்ததுபோல வாய் வறண்டு கிடந்தது.

அப்புறம் அந்த மூச்சு வந்தது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது கத்திரி திரையைப் பார்த்துச் சலித்துக்கொண்டான். “அக்கா, மறுபடியும் விழுங்கிட்டீங்களே!”

அன்று அவள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். பட்டப்பகல், கடைகள் திறந்திருந்தன, ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. வழியில் தண்ணீர் பாட்டில் வாங்கி ஒரு மிடறு வாயில் விட்டாள். மறைந்தது. இன்னொரு மிடறு. மறைந்தது. பாட்டில் காலியாகும்வரை குடித்தாள், வயிற்றில் ஒரு கனமும் ஏறவில்லை.

கணவனிடம் இரண்டு நாள் எதுவும் சொல்லவில்லை. அவன் ஒரு ஓவிய ஆசிரியன், சாது, அவள் இளைப்பதைப் பார்த்துத் தானும் இளைத்துக்கொண்டிருந்தான். சமையலறைக் காலண்டரில் அவள் எத்தனை கரண்டி விழுங்கினாள் என்று தினமும் குறித்தான். நான்கு. மூன்று. ஒன்று. ஞாயிறு மதியம் சூப் வைத்து, ரொட்டியை அதில் ஊறவைத்து, ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். மேஜை முழுக்க வெயில் விழுந்திருந்தது.

“இங்க பாரும்மா, அவசரமே இல்ல. தாடையக் கீழ எறக்கு. ஒரே ஒரு கரண்டி. இதுக்கும் எறங்கலைன்னா நாளைக்கு டாக்டரப் பாக்கலாம்.”

“டாக்டர் மாத்திரையக் கூட்டிடுவாங்க.”

“கூட்டட்டுமே. நீ சாப்பிட்டாப் போதும் எனக்கு. குரல் இருந்தா என்ன, போனா என்ன?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தாள். ரொட்டி நாக்கில் வந்து உட்கார்ந்தது. சூடு, உப்பு, மிளகு. எத்தனை நாளைக்கப்புறம் ஒரு ருசி! மென்றாள். தாடையை இறக்கினாள். தொண்டை பூட்டிக்கொண்டது. வழக்கம்போல. முடியாது, துப்பிவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்தாள்.

மடக்.

கணவன் நிமிர்ந்தான். “போச்சா?”

வாயில் ஒன்றும் இல்லை.

“விழுங்கிட்டியா? கேட்டுச்சே! எனக்கே கேட்டுச்சு!” அவன் சிரித்தான். சிரிப்பும் அழுகையுமாக எழுந்து காலண்டரில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தான். “அடுத்தது. சூட்டோட சூட்டா அடுத்தது.”

அவள் தலையை ஆட்டினாள். அவன் கரண்டியை நீட்டினான். உதடு மூடவேண்டும். மூடவில்லை. ரொட்டி உள்ளே வந்தது. மெல்லக்கூட இல்லை.

மடக்.

அவள் கை தொண்டையைப் பிடித்திருந்தது. தொண்டை கல். அசைவில்லை. வயிறு ஒட்டிக்கிடந்தது. பசித்தது. எங்கே போகிறது? யாருக்குப் போகிறது? காதுக்குப் பின்னால் மூச்சு. ஈர மூச்சு. வெயிலில்.

“பாத்தியா, எல்லாம் சரியாகுதுன்னு சொன்னேன்ல!” கணவனின் முகத்தில் பல மாதமாக இல்லாத வெளிச்சம்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. நான் விழுங்கவில்லை. நான் இல்லை. அவ்வளவுதான், நாலு சொல். அவள் மூச்சை இழுத்தாள். பதினேழு வருடப் பழக்கத்தில் வயிற்றிலிருந்து குரலை எடுத்தாள். அது எழும்பியது. நெஞ்சில் அதிர்ந்தது. கழுத்துக்கு வந்தது. நாக்கு நுனியில் முதல் சொல்லின் முதல் எழுத்து திரண்டு நின்றது.

மடக்.

குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள்.

மடக்.

காற்றுகூட இல்லை. உள்ளே குரல் இருந்த இடத்தை அவளால் தேட முடிந்தது. அங்கே எதுவும் இல்லை. துடைத்து எடுத்தாயிற்று. கண்ணீர் வந்தது. அவன் அதைச் சந்தோஷம் என்று நினைத்தான். அவன் கண்ணும் நிறைந்தது.

“அழாதம்மா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு.”

கிண்ணத்தின் அடியை வழித்து அவன் கரண்டியை உயர்த்தினான். அவள் பல்லை இறுக்கினாள், இரண்டு கைகளாலும் தாடையைக் கீழிருந்து அழுத்திப் பிடித்தாள், கைகளை மீறி, மெதுவாக, முன்பு ஒருபோதும் திறந்திராத அகலத்துக்கு, அவள் வாய் திறந்துகொண்டே போனது.