ஆமைக் காட்டு வரைபடம்

செல்போன் அலறியது!

காலை ஆறே முக்கால். உண்ணாமலை வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து எடுத்தாள். பிரசாந்தாகத்தான் இருக்கும். அவளுக்குப் போன் செய்யும் ஒரே ஜீவன் அவன்தான்.

"மேடம், இன்ஸ்பெக்டர் நாகராசு பேசுறேன். திருவரங்குளம் காட்டுக்கு ஒடனே வாங்க. ஒரு பாடி கெடக்கு."

"எ... எனக்கு எதுக்கு சார் போன் பண்றீங்க?"

"பாடி பக்கத்துல ஒரு பேப்பர் கெடக்கு. அதுல ஒங்க பேரு இருக்கு!"

பிரஷ் கீழே விழுந்தது.

முட்புதர்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தார் காட்டுக் காவலர் வெள்ளைச்சாமி. பின்மண்டையில் அடி. இந்த வெயில் காட்டில் உண்ணாமலையைப் பார்த்து, 'சாப்டீங்களாம்மா?' என்று கேட்ட ஒரே மனுஷர்!

நாகராசு காகிதத்தை நீட்டினார்.

"இது ஒங்க மேப்தானே?"

அவளுடையதுதான். கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். வயது முப்பத்தாறு. புதுக்கோட்டையில் ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. ஐந்து வருஷமாக இந்தக் காட்டில் நட்சத்திர ஆமைகளைத் தேடி எண்ணி, எது எங்கே இருக்கிறது என்று இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தாள்.

"யாரு வேணா எடுக்கலாமா மேடம்?"

"யாரு வேணாலும் எடுக்கலாம் சார். காசு குடுத்துப் படிக்க வசதியில்லாம, யாரோ சும்மா போட்டதைப் படிச்சுத்தான் நானே டாக்டர் பட்டம் வாங்குனேன். மத்த ஆராய்ச்சிக்காரங்களுக்கும் ஒதவுமேன்னு..."

"ஆமை திருடி விக்கிறவனுக்கும் ஒதவியிருக்கே!"

வரைபடத்தில் ஓர் இடத்தை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். அதே இடத்தில்தான் பிணம்!

"இந்த எடத்தைப் பத்தி ஒங்ககிட்ட யாராச்சும் விசாரிச்சாங்களா?"

சொன்னால் போய்விடும்... தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கேட்கும் அந்தக் குரல்!

"பிரசாந்த்னு ஒரு ஸ்டூடன்ட். திருச்சி. நேர்ல பாத்ததில்ல. போன வாரம் துருவித் துருவிக் கேட்டான்..."

மத்தியானத்துக்குள் பிரசாந்தைத் தூக்கிவந்துவிட்டார்கள்.

கல்லூரித் துறைத் தலைவர் வீரய்யா அவள் அறைக்கே வந்து குதித்தார்.

"அப்பவே சொன்னேன்ல உண்ணாமலை! எல்லாத்தையும் தொறந்து போட்டா திருடன் வரமாட்டானா? இப்ப ஒரு உசுரு போச்சு. மொதல்ல எல்லாத்தையும் அழிச்சிரு!"

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் போனதும் லேப்டாப்பைத் திறந்தாள். அழிக்கப் போன விரல்... நின்றது.

நாகராசுவுக்குப் போன் போட்டாள்.

"சார், பிரசாந்த் ஒத்துக்கிட்டானா?"

"எங்க? அழுவுறான்."

"ஒரு பொய்யான எடத்தை லிஸ்ட்ல சேக்குறேன். குளத்தூர்ப் பக்கம், இருபது குட்டி ஆமைன்னு. நாளை மறுநாள் எல்லாத்தையும் அழிக்கப் போறேன்னும் எழுதுறேன். பிரசாந்த் ஒங்ககிட்ட இருக்கான். திருடன் வேற ஆளா இருந்தா, அவசரப்பட்டு வருவான்!"

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சொல்றதுக்கு யாரு சார் இருக்கா?"

மறுநாள். குளத்தூரில் வறண்ட கண்மாய்க்குப் பின்னால் புதருக்குள் போலீஸ். கூடவே உண்ணாமலை.

ஒரு மணி... இரண்டு மணி... ஈ காக்கை இல்லை!

மூன்றரைக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் சாக்கோடு இறங்கி, புதரை விலக்கி விலக்கித் தேடினான்.

"புடிங்கடா!"

நாலு பேர் பாய்ந்து அமுக்கினார்கள். ஹெல்மெட் உருண்டது.

வீரய்யா!

"சார்... நீங்களா? நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க!"

"பின்ன?" மண்ணைத் துப்பினார். "ஊருக்கே தெரிஞ்சா ஊரே வந்து அள்ளிக்கிட்டுப் போகும். எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாதா?"

ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெள்ளைச்சாமியின் செல்போன் இருந்தது. வீரய்யா வீட்டுக் குளியலறையில் முப்பத்தோரு ஆமைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"கையும் களவுமாப் பாத்துட்டான் சார். மல்லுக்கட்டுனான்... அடிச்சுட்டேன்." ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டார் வீரய்யா.

அப்போதுதான் அந்த வரைபடமும் சட்டைப்பையிலிருந்து நழுவியிருக்கிறது.

சாயங்காலம். ஸ்டேஷன் வாசலில் பிரசாந்த் வெளியே வந்தான். ஒல்லி. கண்ணாடி. கசங்கிய சட்டை. இப்போதுதான் அவனை முதல்முறையாகப் பார்க்கிறாள்!

"பிரசாந்த்... மன்னிச்சிரு."

"அந்த எடத்துல ஆமை என்ன எலை திங்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் மேடம்."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தான். அவன் முதுகு கூட்டத்தில் கரையும்வரை நின்றாள்.

பிறகு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஆமைகள் இருக்கும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாக நீக்கினாள். ஐந்து வருஷத்து மற்ற குறிப்புகள் எல்லாம் திறந்தே இருந்தன.

எட்டிப் பார்த்தார் நாகராசு.

"எத்தன பேரு மேடம் டவுன்லோட் பண்ணிருக்காங்க?"

"நூத்திப் பன்னெண்டு பேரு சார்."

"அதுல உக்காந்து படிச்சவன் ஒரே ஒருத்தன். கரெக்டா அவனைத்தானே மேடம் புடிச்சுக் குடுத்தீங்க!"