மரகதத்துறையின் மேர்

"இது என்னம்மா?"

பூவம் தாண்டியிருந்த சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் புனிதவதியின் பைக்குள் கைவிட்டு, ஒரு சின்ன சுருக்குப் பையை எடுத்துக் குலுக்கினார். கலகலவென்று சத்தம். மயிலாடுதுறை பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காரைக்காலை விட்டு வெளியே போகிற பஸ்ஸில் மலிவு மது பாட்டில் தேடுவது வழக்கம்தான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இன்று அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தவை பகடைகள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம்... பச்சையும் சிவப்புமாக.

"சூதாட்டமா?"

புனிதா பையை மடியோடு இழுத்துக்கொண்டாள். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா மகன் விட்டுப்போன விளையாட்டு, அத்தை வீட்டுப் பெண்களுக்குக் காட்ட எடுத்துப் போகிறேன் என்று சொன்னால் முடிந்துபோகும். ஆனால் பாரிஸ் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் அவளுக்குப் பயம்.

"தாயக்கட்டைதாங்க சார்." பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "வெள்ளைக்காரன் மூலையெல்லாம் செதுக்கிவிட்டிருக்கான். இதை வச்சு சூதாடினா, யாரு ஜெயிச்சான்னு கண்டுபிடிக்கவே பொழுது போயிரும்."

பஸ் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பேர் சிரித்த பிறகு... அவள் திரும்பி, "உங்களை யாருங்க கேட்டா?" என்றாள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். ஜன்னல் தகரம் சரியாக இறங்காமல் சாரல் முழுவதும் அவன்மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியில் துளித்துளியாக மழை. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... சிரிக்கவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தன.

"யாரும் கேக்கலைங்க," என்றான். "மன்னிச்சிருங்க."

அதோடு விட்டிருந்தால் அவனை மறந்திருப்பாள். நண்டலாற்றுப் பாலம் தாண்டியதும், அது எப்படி ஆடுகிற ஆட்டம் என்று மெதுவாகக் கேட்டான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் கதைக்குள்ளே ஆளாக நுழைவார்கள், வீரனோ மந்திரவாதியோ ஆகலாம், ஆபத்து வந்தால் பகடையை உருட்டி விதியைத் தீர்மானிப்பார்கள் என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல வெறுப்பு கரைந்தது. கதையை நடத்துவது தான்தான், தன் ராஜ்யத்தில் நெருப்பு கக்கும் ஒரு பறவைநாகமும் ஒரு நல்ல ராஜாவும் உண்டு என்பது வரை வந்துவிட்டாள்.

"அந்த நல்ல ராஜா செத்துட்டா அடுத்து யாருங்க?"

அவள் சுருக்குப் பையின் கயிற்றை இறுக்கினாள்.

"வரி யாரு போடுறா? வேணாம்னு சொல்ல ஜனங்களுக்கு வழி இருக்கா?"

யோசித்ததே இல்லை. அவன் தரங்கம்பாடியில் இறங்கிப்போய்விட்டான். பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேள்விகளை மட்டும் பின்சீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

புனிதா ராஜாவைக் கொன்றாள்.

வேறு வழியில்லை. அந்தக் கேள்விகளுக்குப் பிறகு ராஜா பொம்மையாகத் தெரிந்தார். புதிதாக ஒரு தேசம் வரைந்தாள். வரைய வரைய அது காரைக்கால் மாதிரியே வந்தது. மூன்று பக்கமும் வேறொருவர் ராஜ்யம், ஒரு பக்கம் கடல். நடுவில் மரகதத்துறை என்ற சின்னத் துறைமுகம். அது கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு ராணிக்குச் சொந்தமாக இருந்தது. ராணி கைவிட்டுப் போகும்போது ஜனங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தாள். என் குடி என்கிற முத்திரையை வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் இந்த மண்ணின் குடிகள் என்றாள். தேர்தல் வைத்து ஒரு சபை. பழைய காரைக்காலில் சொன்ன மாதிரி, ஊர்த் தலைவருக்கு மேர் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தோழி மஹ்பூபா வீட்டு மாடியறையில்தான் விளையாட்டு. மஹ்பூபா மந்திரக்காரி, அவள் அண்ணன் ஜெகபர் சாதிக் வாள்வீரன். துபாய் விசாவுக்குக் காத்திருக்கிற அவனுக்குப் பொழுது நிறைய இருந்தது. மேர் ஆவதற்குத்தான் ஆள் இல்லை. அரசியல் படித்த தோழன் ஒருவனை அழைத்துவருவதாக ஜெகபர் சொன்னான்.

மழையில் நனைந்து மாடியேறி வந்தவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான்... அப்படியே நின்றான்.

"ராஜா நல்லா இருக்காராங்க?" என்றான்.

"செத்துட்டார்."

"அடடா. என்னாலயா?"

"ஆமா."

மஹ்பூபா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்ன நானா, உன் கூட்டாளி வந்ததும் வராததுமா கொலைக்கேசா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

அவன் பெயர் அம்பலவாணன். ஊர் சுரக்குடி. அப்பா இல்லை, அம்மாவும் கொஞ்சம் நிலமும் உண்டு. அரசியல் எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கான பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தான். மந்திரம் தெரியாத, வாள் பிடிக்கத் தெரியாத மேர் ஆனான். பறவைநாகம் வந்தால் ஜெகபர் வாளை உருவுவான், மஹ்பூபா மந்திரம் சொல்லுவாள், அம்பலவாணன் சபையைக் கூட்டுவான். நாகத்துக்குக் குடியுரிமை இருக்கிறதா என்று கேட்பான். ஒருமுறை அதை நியமன உறுப்பினராக்கிவிட்டான். அதற்கப்புறம் நாகம் யாரையும் எரிக்கவில்லை, கட்சி மாறிக்கொண்டே இருந்தது. மாடியில் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது.

சிரிக்கும்போதெல்லாம் அவன் அவளைத்தான் பார்த்தான். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்த இடத்திலேயே பயமும் தொடங்கியது.

புனிதாவின் அப்பா வைத்தியலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபின், இந்தியாவா பிரான்சா என்று தேர்ந்தெடுக்கச் சொன்ன காலத்தில் அவர் பிரான்சைத் தேர்ந்தெடுத்தார். அதனால் அவளும் பிரெஞ்சுக் குடிமகள், ஊரைவிட்டு அதிகம் போனதே இல்லாவிட்டாலும். காரைக்காலில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அவளைக் கட்டுகிறவன் கடல் தாண்டலாம். பெண் பார்க்க வந்தவர்கள் வரதட்சணை கேட்கவில்லை, அவர்களே நகை போடுவதாகச் சொன்னார்கள். ஒருவர் சொஜ்ஜியை வாயில் வைக்கும் முன்பே, "நேஷனாலிட்டி எல்லாம் சரியா இருக்குல்ல?" என்று கேட்டார். இன்னொரு மாப்பிள்ளை போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்குள் ஒரு நொடி ஏதோ பூத்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் பின்னால் சுவரில் இருந்த ஈஃபில் கோபுரப் படத்தை அவன் பார்த்தான் என்று.

அன்றிலிருந்து யார் அன்பாகப் பேசினாலும் அவள் மனம் ஒரு அடி பின்னால் போய் நின்றுகொள்ளும். என்னையா... அதையா? கண்ணாடி பார்க்கும்போதுகூட அந்தக் கேள்விதான். என்னிடம் அது இல்லாவிட்டால், என்னைப் பார்க்க என்ன இருக்கிறது?

இவன் அப்படி இல்லை என்று நம்ப ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு. மரகதத்துறையில் ஒரு திருமணப் பேச்சு வந்தது, ஜெகபர் விளையாட்டாகக் கிளப்பிய பேச்சுதான். அம்பலவாணன் சிரிக்கவில்லை. பென்சிலை உருட்டிக்கொண்டே, குனிந்தபடி கேட்டான்.

"ராணியோட முத்திரை வச்சிருக்கற பொண்ணை இந்த ஊர்க்காரன் கட்டினா, அவனுக்கும் முத்திரை வருமா? சட்டம் என்ன சொல்லுது?"

அறை அப்படியேதான் இருந்தது. கீழே மஹ்பூபாவின் உம்மா யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்.

இவனுமா...

"வரும்," என்றாள். "தாராளமா வரும். கப்பல் ஏறலாம்."

"அப்ப அந்த ஆளு வந்து..."

"எனக்குத் தலைவலிக்குது." பகடைகளைப் பைக்குள் அள்ளிப்போட்டாள். ஒன்று உருண்டு ஓடியது. எடுக்கவில்லை. மஹ்பூபா அழைக்க அழைக்கப் படியிறங்கினாள்.

வீட்டில் அப்பா செய்தியோடு காத்திருந்தார். சுரக்குடியிலிருந்து ஒருவர் தெரிந்தவர் மூலமாக விசாரித்தாராம், தன் அக்கா மகனுக்காக. பையன் எம்.ஏ. என்றாராம். பெண்ணுக்கு நேஷனாலிட்டி உண்டா என்றுதான் முதலில் கேட்டாராம். அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "நம்ம கிட்ட இருக்கறதைத்தானே கேப்பாங்க?" என்றார்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவன் கண்ணாடியில் இருந்த மழைத்துளிகளைக்கூட எண்ணாத குறையாக நினைவில் வைத்திருந்தாளே...

அடுத்தடுத்த ஞாயிறுகளில் போகவில்லை. மஹ்பூபா வந்து திட்டினாள். மேர் ஒவ்வொரு வாரமும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். சபையில் கொண்டுவர ஒரு சட்டம் வைத்திருக்கிறாராம், கதை நடத்துகிறவள் வந்தால்தான் சொல்வாராம். "ஒரு தடவை வா புள்ள. வந்து மூஞ்சிக்கு நேரா கதவை மூடிட்டுப் போ. ஒளிஞ்சுகிட்டு மூடாதே."

அந்த வார்த்தை உறைத்தது. போனாள்.

அம்பலவாணன் இளைத்திருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்காமல் எழுந்து நின்று, சபையில் பேசுகிற மாதிரியே பேசினான். மரகதத்துறையில் இனிமேல், திருமணத்தால் யாருக்கும் ராணியின் முத்திரை கிடைக்காது. கட்டுகிறவன் இந்த மண்ணின் குடியாகவே இருப்பான். அதுதான் சட்டம். ஓட்டுக்கு விட வேண்டும்.

ஜெகபர் எகிறினான். "டேய், கடலைத் தாண்டணும்னு நான் விசாவுக்கு நாயா அலையிறேன். இருக்கற வழியையும் எவனாவது சட்டம் போட்டு அடைப்பானா? என் ஓட்டு கிடையாது."

ஆதரவாக ஒன்று, எதிராக ஒன்று. மஹ்பூபா யாருக்கும் போடமாட்டேன் என்றாள், சபைத் தலைவர் தீர்மானிக்கட்டும் என்றாள், தேத்தண்ணி கொண்டுவர அண்ணன் கை வேண்டும் என்று அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

சபைத் தலைவர் புனிதாதான்.

"இந்தச் சட்டம் எதுக்கு?" என்று கேட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். "இந்தச் சட்டம் இல்லாம கேட்டா, நேஷனாலிட்டிக்குத்தான் கேக்குறேன்னு நெனப்பீங்க. நீங்க நெனைக்கிறதும் தப்பில்லைங்க. ஊரு அப்படி."

"அன்னிக்குக் கேட்டது?"

"முத்திரை வேணாம்னு சொல்ல வழி இருக்கான்னு கேக்க வந்தேன். பாதியிலயே எந்திரிச்சுட்டீங்க."

"உங்க மாமா விசாரிச்சாரே?"

அவன் முகம் கறுத்தது. "எனக்கு அப்புறம்தான் தெரியும். சண்டை போட்டேன். ஆனா பொய் சொல்ல மாட்டேங்க, அவருக்கு அந்த ஆசை இருக்கு. நான் இல்லைன்னு சொன்னாலும் அவருக்குப் போகாது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் கழற்றிவிட்டிருக்கலாம், அவன் செய்யவில்லை. ஆனாலும் இது எதற்குச் சாட்சி? எவனும் இப்படிச் சொல்லலாம். எதையும் எதுவும் நிரூபிக்கப் போவதில்லை. நாளைக்கு, அடுத்த வருடம், அவன் நன்றாகச் சிரித்த ஒரு காலையில்கூட அந்தக் கேள்வி வந்து எதிரே உட்காரும். அது அவனிடமிருந்து வருவதில்லை... எனக்குள்ளிருந்து வருகிறது.

"சட்டம் தோத்துப்போச்சு," என்றாள். "என் ஓட்டு எதிரா."

அவன் தலையசைத்தான். மெதுவாக உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கண்ணாடி இல்லாமல் அந்தக் கண்கள் சின்னப் பிள்ளையின் கண்கள் மாதிரி இருந்தன.

"ஏன்னு கேக்கலாமாங்க?"

"சட்டம் தடுத்து நீங்க வேணாம்னு சொன்னா, அதுல எனக்கு என்ன தெரியும்?" வார்த்தைகள் தடுக்கித் தடுக்கி வந்தன. "கதவு திறந்தே இருக்கட்டும். போகலாம், ஆனா போகலைன்னு இருக்கணும். இல்ல, என்னிக்காவது ரெண்டு பேருமே போகணும்னு தோணினா போகணும். எங்க அப்பாவுக்கு நான் பாரிஸ் போகணும். எனக்கு என்ன வேணும்னு எனக்கே இன்னும் தெரியல. ஆனா நான் பயந்துகிட்டேதான் இருப்பேன். உங்களைச் சந்தேகப்பட்டுகிட்டேதான் இருப்பேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல..."

"இருங்க," என்றான். "எத்தனை நாள் வேணும்னாலும் சந்தேகப்படுங்க. நான் இங்கதான் இருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "கேக்க வந்ததைக் கேக்கட்டுமா?" என்றான்.

படியில் தேத்தண்ணிக் குவளைகள் இடிபடும் ஓசை ஏறி வந்தது. ஜெகபரின் குரலும். இப்போது சொல்லாவிட்டால், இறங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்லாததையே ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீங்க கேக்க வேணாம்," என்றாள். "நான் சொல்லிடுறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பயமா இருக்கு... ஆனா பிடிச்சிருக்கு."