அண்ணன் மூடும் திருகு

துக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகள்கூட இன்னும் கடைக்குத் திரும்பவில்லை. அதற்குள் தம்பிக்காரன் அண்ணி வீட்டு வாசலில் லாரிச் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றான். தெருவில் அவனுக்கு மேதாவி என்று பெயர். அது பாராட்டு என்று அவனுக்கு நினைப்பு. யாரும் திருத்தவில்லை, எதற்கு வீண் வேலை.

வீடு பழையது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. பகலிலும் இருட்டாக, எண்ணெயும் காய்ந்த ரப்பரும் கலந்த வாடையோடு இருக்கும். உள்ளே அந்த லாரி நின்றது. மூக்கு நீண்ட பழங்காலத்துப் பெட்ரோல் வண்டி. அண்ணன் காலமெல்லாம் அதில்தான் கட்டடச் சாமான் ஏற்றினார். ஒரு மாலை அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ஒரு டிரைவரைப் போட்டு நானே பார்த்துக்கலாம்னு இருக்கேன் தம்பி. எனக்கு வேற பொழைப்பு இல்லை," என்றாள் அண்ணி.

"டிரைவரைக் கட்டி மேய்க்கிறதெல்லாம் உங்களால ஆகுமா அண்ணி? நான் ஓட்டுறேன். உங்க பங்கு உங்களுக்கு வந்துடும்."

சொந்தபந்தம் சுற்றி நின்றதால் அவனுக்குக் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியது. "என்னால ஓட்ட முடியலைன்னா நானே தள்ளிக்கிட்டு வந்து இந்த வாசல்ல விட்டுடுறேன். வண்டி அப்புறம் உங்களுது. எல்லாரும் கேட்டுக்குங்க."

கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தெருவில் இப்படிப்பட்ட பேச்சை யாரும் தொலைத்துவிடுவதில்லை.

சாவியைக் கொடுக்கும்போது அண்ணி சொன்னாள். "சீட்டுக்கு அடியில ஒரு பித்தளைத் திருகு இருக்கும். டாங்க்கிலேர்ந்து பெட்ரோல் போற வழி அது. டீக்கடை முனை திரும்பும்போதே அவர் அதை மூடிடுவார். கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கிறதைக் குடிச்சிக்கிட்டு வண்டி வாசலுக்கு வந்து தானா நிக்கும். காலையில திறந்துட்டுக் கொஞ்சம் பொறுத்து..."

"வண்டி ஓட்ட நீங்க எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா அண்ணி?"

அவள் சாவியை அவன் கையில் வைத்தாள்.

மேதாவி திருகைத் திறந்துவிட்டான், திறந்தபடியே விட்டான். மறுநாளே பாட்டரி இறங்கும்வரை ஸ்டார்ட்டரைத் திருகியும் வண்டி இருமியதே தவிர எழவில்லை. தரையில் பெட்ரோல் குளம் கட்டி நின்றது. எழுந்தாலும், சரக்கு இறக்கிவிட்டு வந்து சாவியைப் போட்டால் மறுபடி முரண்டு. அவன் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுப்பான், ஆக்ஸிலேட்டரை மிதிப்பான், அண்ணனைத் திட்டுவான். இந்த மூன்றில் கடைசியைத்தான் அவன் ஒழுங்காகச் செய்தான்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இளிப்பை மறைக்கச் சிரமப்படவே இல்லை.

"சூடான இன்ஜினுக்குப் போய்ச் சோக் இழுக்கிறீங்களேண்ணே. அதுவே பெட்ரோல்ல முங்கிக் கெடக்கு. மூழ்குறவன் வாயில தண்ணி ஊத்துற மாதிரி இருக்கு நீங்க பண்றது."

"கீழ ஒழுகுதே, அதைச் சொல்லு."

"கார்புரேட்டர் கிண்ணம் நிறைஞ்சதும் ஒரு ஊசி போய் வழியை அடைக்கணும். ஊசி தேஞ்சு போச்சு. அந்த ஊசி இப்ப எங்கயும் கிடைக்காது. அதுக்குத்தான் உங்கண்ணன் திருகு வச்சார். மூடுங்க, ஒழுகாது. அவ்வளவுதான் வைத்தியம்."

"எங்கண்ணனுக்கு எதையும் சரி பண்ணத் தெரியாது. மூடத்தான் தெரியும்," என்றான் மேதாவி.

மெக்கானிக் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "செத்தவரைப் பத்தி அவர் வண்டி பக்கத்துல நின்னுக்கிட்டுப் பேசாதீங்கண்ணே."

அன்று மாலை காலி வண்டியோடு மேதாவி திரும்பி வந்தான். அவன் வீடு தெருக்கோடி. அண்ணி வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். டீக்கடை முனையில் வண்டி வளைந்தபோது சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது.

கிரீச்.

துருப்பிடித்ததை யாரோ நிதானமாகத் திருகும் சத்தம். அவன் கெண்டைக்கால் மயிரை ஏதோ உரசிக்கொண்டு போனது.

வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு ஒரு விக்கல், இன்னொரு விக்கல். அண்ணி வீட்டு வாசலுக்கு நேராக வந்து மூச்சை விட்டது. குனிந்து பார்த்தான்.

திருகு மூடியிருந்தது.

அண்ணி ஜன்னலில் நின்றாள். எதிர்வீட்டு மூக்குப்பொடிக்காரர் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னப்பா, இவ்வளவு சீக்கிரமே கொண்டுவந்து விட்டுட்டே?"

அடுத்த நாளும் அதே முனை, அதே சத்தம், அதே வாசல். அதற்கடுத்த நாள் திருகைத் திறந்த நிலையில் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினான். வாசலில் வண்டி நின்றபோது கம்பி அவிழ்ந்து, ஒழுங்காகச் சுருட்டப்பட்டு, பக்கத்து சீட்டில் இருந்தது. அண்ணன் கம்பியை அப்படித்தான் சுருட்டி வைப்பார். வேறொருவன் என்றால் அந்த இடத்திலேயே சாவியை அண்ணி காலடியில் வைத்திருப்பான். மேதாவிக்கோ, தெரு சிரித்ததுதான் உறைத்தது.

திருகையே பிடுங்கி எறிந்தான். டாங்க்கிலிருந்து கார்புரேட்டருக்கு நேராக ரப்பர் ஹோஸை மாட்டினான். "இப்ப நீ எதை மூடுறேன்னு பார்க்கிறேன்," என்று வெறும் சீட்டைப் பார்த்துச் சொன்னதை அவன் பொண்டாட்டியே கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. தன் வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட் செய்து பார்க்கப் போனான். இருமுவதைத் தெரு கேட்கக்கூடாதே என்று ஷட்டரை அவனே இழுத்து இறக்கினான். அவ்வளவு மானம்.

வெகுநேரம் திருகிய பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டது. தகரச் சுவர்கள் அதிர்ந்தன. புகை எழுந்து கூரையைத் தொட்டு மெல்லக் கீழே இறங்கியது. தலை கனத்தது. போதும் என்று சாவியைத் திருப்பி அணைத்தான்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சாவியை வெளியே உருவினான். கையில் சாவி, காதில் இன்ஜின். சூடேறிய பழைய வண்டி சில சமயம் சாவியை மதிக்காமல் ரெண்டு சுற்று ஓடும். இது நிற்பதாக இல்லை.

இறங்கி ஷட்டரைத் தூக்கினான். அசையவில்லை.

பெட்ரோலை நிறுத்தினால் நின்றுவிடும். நிறுத்துவதற்கு இருந்த ஒரே திருகைத்தான் அவன் பிடுங்கி எறிந்திருந்தானே. ஹோஸையாவது நசுக்கிப் பிடிக்கலாம் என்று திரும்பி ஓடி, முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் இருட்டில் கையை விட்டுத் துழாவினான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

குளிர்ந்த கை. எண்ணெய்ப் பிசுக்கு. அது ஹோஸைப் பிடித்திருக்கவில்லை. அவன் விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக, ஹோஸிலிருந்து விலக்கியது.

"அண்ணே," என்றான் மேதாவி. காலம்போன காலத்தில் அவன் வாயில் வந்த மரியாதை அது.

ஷட்டர் இடுக்கில் புகை வருவதைப் பார்த்து அவன் பொண்டாட்டி கத்த, தெருவே ஓடிவந்து கடப்பாரையால் நெம்பியது. உள்ளே தாழ்ப்பாள் போட்டதுபோல் அப்படி ஓர் இறுக்கம். அந்த ஷட்டருக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

ஆஸ்பத்திரி வார்டில் முகமூடி மாட்டிப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர். அதில் தொங்கிய தண்ணீர்ப் புட்டியில் குமிழிகள் குமுகுமுவென்று எழுந்துகொண்டிருந்தன. மறுநாள் மத்தியானம் அண்ணி வந்தாள்.

"உங்க வீட்டுக்காரி சொல்லித் தெருக்காரங்க வண்டியை என் வாசலுக்கே தள்ளிக்கிட்டு வந்து விட்டுட்டாங்க தம்பி. புதுத் திருகு வச்சாச்சு. நான் போட்ட டிரைவர் முதல் தடவையே எடுத்துட்டார்."

அவன் முகமூடிக்குள் ஏதோ சொல்லப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

"நான் உங்கண்ணன்கிட்ட சொல்லிப் பார்த்தேன்," என்றாள் மெதுவாக. "பொறுத்துக்குங்கன்னு. அவர் யார் பேச்சைக் கேட்டார்?"

அவள் போனதும் நர்ஸ் வந்தாள். புட்டியைப் பார்த்து நின்றவள், பல்லைக் கடித்துக்கொண்டு சிலிண்டரின் திருகைத் திறந்தாள்.

"காலையிலேர்ந்து இதே வேலையாப் போச்சு. யார் சார் வந்து வந்து இதை மூடுறது? உங்க வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க, இது விளையாட்டுச் சாமான் இல்லை."

குமிழிகள் மறுபடி எழுந்தன. அவள் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மருந்து நெடிக்கு நடுவே பெட்ரோல் வாடை வந்தது.

சிலிண்டரின் திருகு அசைந்தது. யாரும் தொடவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், வீட்டு வாசல் எவ்வளவு தூரம் என்று நன்றாகத் தெரிந்தவர் போல, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போனது.

புட்டியில் ஒரு குமிழி எழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.