ஆடாத நூல்

தைக்கும் அறையில் தம்பி மறுபடி இருமினான். அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"இந்தப் பஞ்சுத் தூசி இவனுக்கு ஆகலை. நாளைக்குச் சித்தி வீட்டுல கொண்டுபோய் விடப்போறேன்."

"நான் போகமாட்டேன்!" தம்பி அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவனுடைய துணிப்பை ஏற்கெனவே கட்டிலில் தயாராக இருந்தது.

அக்காவுக்கு வீட்டில் 'சந்தேகப்புலி' என்று பெயர். எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் நம்பமாட்டாள். மாடி வீட்டில் மட்டும் எப்படி மூச்சு முட்டுவதில்லை?

ஒரு நூல்துண்டைத் தங்கள் ஜன்னலில் கட்டினாள். அது அசையவே இல்லை. அதே நூலை மாடி அத்தை வீட்டு ஜன்னலில் கட்டினாள். குதித்துக் குதித்து ஆடியது! அங்கே ஜன்னலுக்கு எதிரே ஒரு கதவு திறந்திருந்தது.

'காற்று வெளியே போகவும் வழி வேண்டும்போல. எனக்குச் சரியாகத்தான் புரிந்ததா?'

கீழே ஓடிவந்து, நூலை மறுபடி தங்கள் ஜன்னலில் கட்டிவிட்டு, காற்று வெளியே போகும் வழியைத் தேடினாள். பரண்மேல் இருந்த துணிமூட்டைகளை அம்மாவும் அவளும் இறக்கினார்கள். பின்னால் சதுரமாக ஒரு துவாரம்! அதன் வழியே மேலே பார்த்தாள். வானம் தெரியவேண்டிய இடத்தில் ஒரே இருட்டு.

மொட்டைமாடிக்கு ஓடினாள். கீழ் வீட்டுத் துவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை காற்றுக்காக விட்டிருந்த நீளமான குழியின் வாயை ஒரு தகரம் மூடியிருந்தது.

"நான்தான் மூடினேன்," என்றாள் பின்னாலேயே வந்த மாடி அத்தை. "மழை பெஞ்சா இது வழியா சாரல் என் அடுப்படிக்கே வருது. புறாத் தொல்லை வேற. எடுக்கச் சொல்லாதே கண்ணு."

"எடுக்க வேணாம் அத்தை. பால் பொங்குறப்போ மூடியைக் கரண்டியால தூக்கி வைப்போமே, அப்படிக் கொஞ்சம் தூக்கி வெச்சா போதும். சுத்தி வலை கட்டிடலாம்."

அத்தை வாயைப் பிளந்தாள். "இத்தனூண்டு தலைக்குள்ள இவ்வளவு மூளையா!"

அம்மா கூப்பிட்டதும் வந்த கொத்தனார் மாமா நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கித் தகரத்தை உயர்த்தினார், வலையும் கட்டினார்.

"இந்தக் கட்டடத்தை வரைஞ்சவர் கெட்டிக்காரர் மாமா," என்றாள் சந்தேகப்புலி. "கீழ் வீட்டுக்காரங்களையும் நெனச்சிருக்கார்."

கீழேயிருந்து தம்பி கத்தினான். "அக்கா, நூல் ஆடுது!"

"இரு, இன்னொரு நூல் கட்டிப் பாக்கறேன்," என்றபடி அவள் கீழே ஓடிவந்தாள்.

"போதும்டி, சந்தேகப்புலி," என்று சிரித்தாள் அம்மா. தம்பியின் பையிலிருந்து சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது நூலும் ஆடியது.