நனைந்த விரல்

குற்றாலத்தில் சீசன் களை கட்டியிருந்தது. தென்காசியில் கோயிலுக்குப் பின்னால், ஜவுளிக்கடை மாடியில் இருந்த வக்கீல் ஆனந்தவள்ளியின் அலுவலகத்துக்கு ஜூனியர் ஜெயபிரியா ஈரத் தலையோடு வந்து சேர்ந்தாள். போனைத் திறக்க விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் அலுத்துப்போய் நம்பரை அடித்தாள்.

“அருவிக்குப் போய்ட்டு வந்தா இந்தச் சனியன் நம்மளையே யாருன்னு கேக்குது மேடம்.”

ஆனந்தவள்ளி சிரித்தார். அருவியில் குளித்துவிட்டு வேலைக்கு வருகிற ஊரில் இது தினசரிப் புலம்பல்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு இளைஞன் படியேறி வந்தான். இசக்கிதுரை. குற்றாலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் லாக் எடுத்துக் கொடுக்கும் கடையைப் புதிதாகப் போட்டிருந்தான். முகத்தில் சோறு தண்ணீர் இறங்காத களைப்பு.

“சாயங்காலம் கடைச் சாவியோட ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுதாங்க மேடம். கேஸ் விழுந்துட்டா என் தொழில் போச்சு. அடுத்தவன் போனை உடைச்சவன்னு பேரெடுத்தா எவன் என்னை நம்பிப் போனைக் கொடுப்பான்?”

“முதல்ல உட்காரு. திருட்டு போனா?”

“இல்ல மேடம்.”

“போனோட அடையாள நம்பர், அந்த ஐஎம்இஐல கை வச்சியா?”

“சத்தியமா அந்த வேலைக்கே போகமாட்டேன். அதுக்கு ஜெயிலுன்னு எனக்குத் தெரியும்.”

நடந்ததைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கைலாசம் என்ற, பக்கத்துச் சுரண்டை ஊர்க்காரர் மெயின் அருவியில் குளித்துவிட்டுத் துண்டோடு நேராகக் கடைக்கு வந்தார். தன்னுடைய இன்னொரு போன் என்று சொல்லி ஒன்றை நீட்டினார். நம்பர் மறந்துவிட்டது, லாக்கை எடுத்துக் கொடு என்றார். இசக்கிதுரை பில் கேட்டான். கைலாசம் தன் போனில் இருந்த பில்லையும் ஆதாரையும் காட்டினார், இரண்டிலும் அவர் பெயர்தான். லாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

“உள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரும்னு சொன்னியா?”

“சொன்னேன். மழைச் சத்தத்துல காதுல விழுந்துச்சோ என்னவோ, அவசரமாத் தலைய ஆட்டினாரு.”

“எழுதி வாங்கினியா?”

அவன் தலை குனிந்தான். “எல்லார்கிட்டயும் சம்மதம்னு தாள்ல கையெழுத்து வாங்குவேன் மேடம். அவரு சொட்டச் சொட்ட நின்னாரு. விரலெல்லாம் ஊறிச் சுருங்கிக் கிடந்துச்சு. தாள் நனைஞ்சிரும்னு விட்டுட்டேன். இப்போ அது அவரு சம்சாரம் போனாம். அவங்க கம்ப்ளைன்ட் கொடுத்திருக்காங்க. சார்ஜ் ஏறலன்னு சரிபண்ணத்தான் அவரு கொடுத்தாராம். தன் விரலை வச்சுத் திறந்தே கொடுத்தாராம். நானா எல்லாத்தையும் அழிச்சுட்டேனாம்.”

ஜெயபிரியாவுக்குக் கண் மின்னியது. “போட்டிக் கடைக்காரன் யாரோ அந்தக் கைலாசத்தைத் தூண்டி விட்டிருக்கான் மேடம்!”

“நீ சீரியல் பாக்கறதக் குறை,” என்றார் ஆனந்தவள்ளி. “சாயங்காலம் இன்னொரு தடவை அருவிக்குப் போய் நல்லா நின்னுட்டு, துவட்டாம ஸ்டேஷனுக்கு வா.”

வக்கீல் தொழிலில் எத்தனையோ கட்டளைகளைக் கேட்டிருந்த ஜெயபிரியா இதை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

மாலையில் குற்றாலம் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் முத்துராமலிங்கத்தின் மேஜைக்கு எதிரே கைலாசமும் அவர் மனைவி உமா மகேஸ்வரியும் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிதுரை சுவரோரம் நின்றான். உமா மகேஸ்வரி வீட்டில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்து கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அழுது அழுது அவள் கண் சிவந்திருந்தது.

“ஆவணி முகூர்த்தத்துக்கு எடுத்த அளவு, டிசைன் எல்லாம் அதுலதான் மேடம் இருந்துச்சு. எந்தப் பொண்ணுக்கு என்ன கலர்னுகூட இப்போ எனக்குத் தெரியாது. மூணு வருஷமா நானாச் சேர்த்த பேரு.”

“ஏலே, இதுக்கு என்னலே சொல்லுத?” என்று முத்துராமலிங்கம் இசக்கிதுரையை முறைத்தார்.

ஆனந்தவள்ளி கைலாசத்தின் பக்கம் திரும்பினார். “லாக்கை எடுக்கச் சொல்லி நீங்க கேக்கவே இல்லையா?”

“நான் எதுக்கும்மா கேக்கணும்? அதுல என் விரல் ரேகையும் இருக்கே. புள்ள பொறந்த சமயத்துல இவளே வச்சுக் கொடுத்தா. கடையில நின்னு என் விரலை வச்சுத் திறந்துதான் கொடுத்தேன்.”

உமா மகேஸ்வரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அதை ஆனந்தவள்ளி மட்டும் கவனித்தார்.

“அருவியில ரொம்ப நேரம் நின்னீங்களோ?”

“பின்னே? வருஷத்துக்கு ஒரு தடவை. எண்ணெய் தேய்ச்சு ஆசை தீர நின்னேன். பிறகு பையை என்கிட்ட கொடுத்துட்டு இவ பொம்பளைங்க பக்கம் போனா. நான் துவட்டக்கூட இல்ல, நேரா கடைக்குப் போனேன். மேஜையில தண்ணி சொட்டுதுன்னு இவன்கூடச் சிணுங்கினான்.”

அந்த நேரத்தில்தான் ஜெயபிரியா நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. அருவிக்குப் போகும்போது தன்னிடம் விட்டுப்போயிருந்த அவளுடைய போனை ஆனந்தவள்ளி நீட்டினார். ஜெயபிரியா விரலை வைத்தாள். திறக்கவில்லை. ஆனந்தவள்ளி கொடுத்த கைக்குட்டையில் துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் திறக்கவில்லை. விரலை மாற்றினாள். நம்பரை அடி என்றது போன்.

“ஊறிச் சுருங்கின விரலை இது லேசுல எடுக்காது சார்,” என்றார் ஆனந்தவள்ளி. “சில சமயம் எடுக்கவும் செய்யும். அதனால இதை மட்டும் வச்சு நான் பேசல. போன் திறந்தே கிடந்திருந்தா லாக்கை எடுக்க வேண்டிய வேலையே இல்லை. உள்ள இருக்கதைப் பாக்க ஆசைப்பட்டவனா இருந்தா அதை அழிக்கமாட்டான். லாக்கை எடுத்தா எல்லாம் போயிரும்னு இசக்கிதுரைக்குத் தெரியும், அது அவன் தொழில். அப்போ, அது தெரியாத ஒருத்தர்தான் எடுக்கச் சொல்லியிருக்கணும்.”

ஆனந்தவள்ளி குரலைத் தணித்துக்கொண்டார்.

“நீங்க விரலை வச்சீங்க. எடுக்கல. தண்ணியில ஊறினதாலன்னு நினைச்சீங்க. அவங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பாத்துரணும்னு அவசரம். கடைக்கு ஓடினீங்க. திறந்து பாத்தா காலி. பிறகு சம்சாரத்துக்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க? கடைக்காரன் தலையில போட்டுட்டீங்க. அவங்க போலீஸ் வரைக்கும் வருவாங்கன்னு எதிர்பாக்கல.”

கைலாசம் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். “ராத்திரி எல்லாம் யாருக்கோ மெசேஜ் போட்டுக்கிட்டே இருப்பா. யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் பாத்தேன். இப்படி எல்லாமே போயிரும்னு தெரியாதும்மா.”

“யாருக்கா?” உமா மகேஸ்வரி நிமிர்ந்தாள். “கல்யாணப் பொண்ணுங்க. ரவிக்கை முடிஞ்சுதாக்கான்னு கேப்பாங்க. என்னைக் கேட்டிருந்தா காமிச்சிருப்பேனே.”

பிறகு அவளே தொடர்ந்தாள்.

“விரல் ஊறினதால இல்ல. காஞ்ச விரலா இருந்தாலும் திறந்திருக்காது. நான் தூங்கின பிறகு நீங்க அதை எடுக்கப் பாத்தது தெரிஞ்சு, குற்றாலத்துக்கு வர்றதுக்கு முந்தின நாளே உங்க விரலை அதுல இருந்து எடுத்துட்டேன்.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் முத்துராமலிங்கம்.

“சொன்னா, புருஷன் விரலை ஏன் எடுத்தேன்னு என்னைத்தானே சார் எல்லாரும் கேப்பீங்க?”

முத்துராமலிங்கம் புகார்த் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றே புகார் வாபஸ் ஆனது.

வெளியே வந்ததும் இசக்கிதுரை கையெடுத்துக் கும்பிட்டான். ஆனந்தவள்ளி அவனையும் விடவில்லை.

“நம்ம ஊர்ல பொம்பளைங்க போனுக்கு பில்லு, சிம்மு எல்லாம் புருஷன் பேர்லதான். வாங்கினது யாருன்னுதான் பில் சொல்லும், உள்ள இருக்கது யாருதுன்னு சொல்லாது. போனைப் புழங்குறவங்க நேர்ல வந்து எழுதிக் கொடுக்காம இனிமே தொட்டுராத. நீ ஏமாந்தே, ஆனா அழிஞ்சது அந்தப் பொண்ணோட உழைப்பு.”

“நான் வேணும்னு செய்யல மேடம், ஆனாலும் செஞ்சது என் கைதானே,” என்றபோது இசக்கிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் உமா மகேஸ்வரி அவன் கடைக்கு வந்தாள். புதிதாக லாக் போட வேண்டும். கைலாசம்தான் பைக்கில் கூட்டி வந்திருந்தார். மறுபடி அளவெடுக்க மணப்பெண்களின் வீடு வீடாக அவளைக் கூட்டிப்போவதும் அவர்தான். இசக்கிதுரை தாளை நீட்டினான். அவள் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். விரலைப் பதித்தாள்.

“வேற யாரு விரலாவது சேர்க்கணுமாக்கா?” பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு இசக்கிதுரை நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வாசலில் நின்ற கைலாசம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உமா மகேஸ்வரி அவரை ஒரு கணம் பார்த்தாள்.

“இப்போதைக்கு வேண்டாம்,” என்றாள்.