விதிவிலக்குப் பொங்கல்

மகிழினியின் மணிக்கட்டில் நலமணி பச்சையாக ஒளிர்ந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவு.

தோலுக்கடியில் பதித்த, மிளகளவே உள்ள கருவி அது. இரத்தத்தின் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாவற்றையும் ஓயாமல் அளந்து நலச்செலவு வாரியத்துக்கு அனுப்பும். அதற்கேற்ப மறுநாள் காலை வாசலில் அளவுணவுப் பெட்டி வந்து நிற்கும். ஒரு துண்டு மைசூர்பாகு வாங்கவும் கடையில் மணியைக் காட்ட வேண்டும். அவளுடைய மணிக்கு அப்பளம்கூடக் கிடைக்காது. குறை சொல்லவும் முடியாது. மருத்துவமனைகள் காற்று வாங்கின. நோய்க்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணம் பள்ளிக்கும் குடிநீருக்கும் போயிற்று.

நெருங்கிய உறவினரின் கைப்பேசியிலும் அந்தப் பச்சைப் புள்ளி தெரியும். வந்தது வினை. எப்படி இருக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்?

அவளுக்கு இருந்த ஒரே உறவு தம்பி கவின். பெற்றோர் போனபின் அவனை வளர்ப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். அது தள்ளியே போய்விட்டது. அவன் இப்போது சென்னையில், அதே வாரியத்தில் பெரிய அதிகாரி. தீபாவளிக்கு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. "மணி பச்சையாவே இருக்குக்கா, சந்தோஷம்." அதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, சுவருக்கு எதிரே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள்.

நலமணி வராத காலத்தில் அவளுக்கு ஒருமுறை டைபாய்டு வந்தது. கவின் போட்டது போட்டபடி ஓடிவந்தான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் கையை வீசிக்கொண்டு வருவதில்லையே. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, சாத்துக்குடி உரித்து, கொட்டை நீக்கிச் சுளை சுளையாக நீட்டினான். பழம் என்னவோ புளிப்புதான். ஆனால் அதற்குப் பிறகு எதுவும் அவளுக்கு அவ்வளவு இனித்ததில்லை.

ஆகவே நோயாளி ஆகிவிடுவது என்று முடிவு செய்தாள்.

உணவுச் சட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது: கோயில் பிரசாதம். மந்திரிகள் யார் சோற்றில் வேண்டுமானாலும் கை வைப்பார்கள். சாமி சோற்றில் வைப்பார்களா? ஒரு கோயிலில் ஒருவருக்கு ஒரு தொன்னைதான். ஆனால் திருச்சியில் கோயிலுக்கா பஞ்சம்? மார்கழி முழுக்க, தரிசனத்துக்குக்கூட நிற்காமல் பிரசாத வரிசைக்கு ஓடினாள். நெய் வழியும் சர்க்கரைப் பொங்கலை மென்றுகொண்டே அடுத்த கோயிலுக்கு நடந்தாள். மணி மஞ்சளாயிற்று. தை பிறந்ததும் சிவந்தது. நலவண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

வரிசையாகக் காலிக் கட்டில்கள் கிடந்த பெரிய கூடத்தில் அவள் ஒருத்திதான் நோயாளி. தலை சுற்றினாலும் சீவி முடித்துக்கொண்டு, நர்ஸ் ஷெரினிடம் ஒரு ஸ்டூல் கேட்டாள். தம்பி வருவான் என்றாள்.

ஷெரினுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "பார்க்க வர்றவங்களை விடறதில்லம்மா. கிருமி கொண்டாந்துடுவாங்க, வெளிச் சாப்பாடு கொண்டாந்துடுவாங்கன்னு தனிக்காப்பு விதின்னு ஒண்ணு போட்டிருக்காங்க. அதுலயே ஏகப்பட்ட செலவு மிச்சமாம்."

தனிக்காப்பு விதி. அந்தப் பெயர் மகிழினிக்குத் தெரியும். அதை எழுதியதற்காகக் கவின் விருது வாங்கும் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி, தினமும் துடைத்தும் வந்தாள். அது தன் கட்டிலைப் பற்றியது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆனாலும் கவின் வந்தான். ஜன்னல் வழியே பார்த்தாள். கையில் சாத்துக்குடிப் பை. வாயிற்பொறி பழத்தை எடைபோட்டு வெளியே தள்ளியது. அடையாள அட்டையைக் காட்டிக் கெஞ்சினான். விதிக்கு விலக்கில்லை என்று அது பணிவாகச் சொல்லிற்று. பணிவாகச் சொல்ல வேண்டும் என்பதும் அவன் எழுதியதுதான்.

கைப்பேசியில் கூப்பிட்டான். "என்னக்கா ஆச்சு உனக்கு?"

எத்தனை வருஷமாயிற்று இந்தக் கேள்வியைக் கேட்டு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்ணுமில்லடா. உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு."

அவன் கீழே மதிலோரம் உட்கார்ந்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்து பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் மணி பச்சைக்குத் திரும்பிவிட்டதைக் கண்டு ஷெரினே அசந்துபோனாள். பச்சையானால் வீட்டுக்குப் போகலாம். புடவையைக்கூடச் சரிசெய்யாமல் மகிழினி கீழே ஓடினாள்.

மதிலோரம் யாரும் இல்லை. அழைத்தாள். பின்னணியில் ரயில் ஓடும் சத்தம்.

"பச்சையாயிடுச்சுன்னு செய்தி வந்துச்சுக்கா. அப்புறந்தான் உயிரே வந்துச்சு. நிம்மதியா வண்டி ஏறிட்டேன்."

அவன் குரலில் இருந்த நிம்மதி உண்மையானது. அவளால் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

அந்த ஆண்டு நாட்டின் மருத்துவச் செலவு முதல் தடவையாக ஏறியது. மக்களுக்குத் திடீரென்று பக்தி ஏன் முற்றிவிட்டது என்று ஆராய வாரியம் ஒரு குழு அமைத்தது. தலைவர் கவின்.

மகிழினி மறுபடி பிரசாத வரிசையில் நின்றாள். மார்கழி போய் வெகுநாளாகியும் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. எல்லாம் வயதானவர்கள். வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை இழுத்துவிட்ட முந்தானை. முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, அவள் மணிக்கட்டில் மணி மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு மக. உங்களுக்கு யாரு வரணும்?"