சுவக்கீனின் இடது கால்

சாந்தன்பாறையைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் பிரியும் மண்பாதையில் வண்டியை ஏற்றும்போது ரிஜின் வாய்க்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டு வந்தான். பாதை என்பது பேச்சுக்குத்தான். பாறை, சேறு, மறுபடியும் பாறை. ஒரே ஜீப்புக்கு ஒரே வருஷத்தில் இது மூன்றாவது கிளட்ச் பிளேட். முந்தைய இரண்டையும் வேறு மெக்கானிக்குகள் மாட்டியிருந்தார்கள். இரண்டும் சீக்கிரமே கருகிப்போயின. எவனோ மட்டமான சாமானை ஒரு விதவையின் தலையில் கட்டியிருக்கிறான் என்று ரிஜின் முடிவே கட்டிவிட்டான். பூப்பாறையில் பழைய ஜீப்புகளோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசைக் கழித்தவன் அவன். பேயைவிடப் போலிச் சாமான்தான் அவனுக்குப் பயம்.

சிசிலியின் வீடு தோட்டத்தின் கடைசியில், சரிவை ஒட்டி இருந்தது. பக்கத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் அந்தப் பழைய ஃபோர்வீல் ஜீப் நின்றது. சிசிலியின் புருஷன் சுவக்கீன் அதில்தான் தோட்டத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றி இறக்கினான். போன வருஷம் இறக்கத்தில் வண்டி கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. அவனும் முன்சீட்டில் இருந்த தோட்டத்துப் பெண் முத்துப்பேச்சியும் அங்கேயே போய்விட்டார்கள். பிரேக் போய்விட்டது என்றார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நசுங்கிய பாடியை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, சிசிலி வண்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

"வாங்க தம்பி. கட்டன் டீ போடவா?" என்றாள் சிசிலி.

"மொதல்ல வண்டியப் பாத்துருவோம்க்கா."

மகள் ஜிஸ்மி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து ரிஜினுக்குத் தெரிந்த பெண். இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அப்பா ஓட்டிய அதே ட்ரிப்பை அவளுக்கே கொடுப்பதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

"திங்கக்கிழமையில இருந்து ஆள் ஏத்தணும்ணே. அதுக்குள்ள சரியாயிருமா?"

"ஆகாம எங்க போயிரும்?"

கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சை விட்டான். கிளட்ச் நன்றாக இருந்தால் அந்த நொடியே எஞ்சின் திணறி நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை. வண்டி ஓரடி நகராமல் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. கருகிய நெடி மூக்கில் ஏறியது. சந்தேகமே இல்லை, பிளேட் வழுக்குகிறது. ஆனால் பெடலில் ஆட்டம் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது, எண்ணெய்க் கசிவும் இல்லை. பிளேட் கருகுவதற்கு ஒரு காரணமும் கண்ணில் படவில்லை.

ஜிஸ்மி ஒரு பக்கம் பிடிக்க, ஜாக்கி கொடுத்து கியர்பாக்ஸைக் கீழே இறக்கினான். பிளேட்டின் முகம் கரியாகி, கைபட்டதும் உதிர்ந்தது. அதை அழுத்திப் பிடிக்கிற இரும்பில் சூடேறிய நீலத் திட்டுகள். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சுழல வேண்டிய பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றினான். கரகரவென்று அரைத்தது.

ரிஜினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, சாமான் மேல தப்பில்ல. தப்பு ஓங் கால் மேல. ஏத்தத்துல கிளட்ச் மேலயே கால வச்சுட்டு ஓட்டுறியா? பாதி அமுங்கினபடியே ஏறுனா எந்தப் பிளேட்டும் தாங்காது."

ஜிஸ்மி சிரிக்கவில்லை. "நான் வைக்கறதில்லண்ணே. அப்பாவுக்குத்தான் அந்தப் பழக்கம்."

உடனே வாயை மூடிக்கொண்டாள். அடுப்படி ஜன்னலில் சிசிலி நின்றிருந்தாள்.

புதுப் பிளேட்டையும் பேரிங்கையும் போட்டு, கியர்பாக்ஸை ஏற்றி முடிப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுமஞ்சு ஏறி வந்து, முதலில் ஏலச்செடிகளையும் பிறகு முற்றத்தையும் மறைத்தது. பட்டப்பகலில் கொட்டகைக்குள் சாம்பல் நிற இருட்டு. ஈர மண்ணும் ஏலக்காயும் கலந்த வாசனை. கடைசியாகப் பெடலின் அளவைச் சரிபார்க்க வேண்டும். ரிஜின் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தான். பெடலிலிருந்து வரும் இணைப்புக் கம்பி, கிளட்சை விலக்கும் ஃபோர்க்கைத் தள்ளும் இடத்தில் டார்ச்சை அடித்தான்.

"ஜிஸ்மி, ஏறி ஒக்காந்து கிளட்ச அமுக்கு."

சீட் கிரீச்சிட்டது. கம்பி நகர்ந்தது, ஃபோர்க் அசைந்தது.

"விடு."

கம்பி பழைய இடத்துக்கு வந்தது. அளவு கச்சிதம். சும்மா இன்னொரு தடவை பார்ப்போம் என்று தோன்றியது.

"மறுபடி அமுக்கு."

கம்பி மெதுவாக நகர்ந்தது. இந்த முறை கடைசி வரை போய் நின்றது.

"ம், விடு."

விடவில்லை. ஸ்பிரிங் இழுபட்டு முனகியது.

"விடும்மா. எம்புட்டு நேரம் அமுக்குவ?"

கருகிய நெடி திடீரென்று முகத்தில் அடித்தது. பிளேட் புதுசு. எஞ்சின் ஓடவில்லை.

ரிஜின் தலையைத் திருப்பினான்.

கொட்டகை வாசலில் இரண்டு கால்கள் தெரிந்தன. ஈர ரப்பர் செருப்பு, சேறு பட்ட நைட்டி விளிம்பு.

"கூப்பிட்டீகளாண்ணே?" என்றாள் ஜிஸ்மி. "கட்டன் எடுக்க உள்ள போனேன். முதல்தடவை அமுக்கிட்டு இறங்கிட்டேனே."

அவன் முகத்துக்கு மேலே கம்பி இன்னும் இறங்கியே இருந்தது.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. டிரைவர் சீட் காலியாக இருந்தது. கிளட்ச் பெடல் தரையோடு தரையாகக் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே எழும்பியது. சடாரென்று எழும்பவில்லை. கால் மரத்துப்போனவன் பாதத்தை எடுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக.

ஜிஸ்மி கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"எனக்கும் இப்படித்தாண்ணே," என்று கிசுகிசுத்தாள். "ஏத்தத்துல பாதி போகும். இறக்கத்துல நாங் கால் வைக்கறதுக்கு முன்னாடியே முழுசா கீழ போயிரும். போன வாரம் வளைவுல வண்டி சும்மா பறந்துச்சு. பிரேக்கு சூடாகிப் பிடிக்கல. மண்திட்டுல மோதி நின்னதால பொழச்சேன்."

"இத ஏன் எங்கிட்ட காலையிலயே சொல்லல?"

"அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க."

சிசிலி வந்து நின்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அதுதான் ரிஜினை இன்னும் கலக்கியது.

"அவுகதான் தம்பி," என்றாள். "புள்ள தனியா ஓட்டுதேன்னு கூடவே வாராக. போன வாரம் மண்திட்டுல நிப்பாட்டுனது ஆருன்னு நெனைக்கீக? சொன்னா நீங்க வண்டியத் தொடாம ஓடிருவீக. அதான் சொல்லல."

"ஆத்துமாவுக்குப் பூசை குடுக்கலியாக்கா?"

"குடுக்கல."

"வருஷம் ஆச்சே."

"குடுத்தா போயிருவாகல்ல."

சிசிலி ஜீப்பின் முன்சீட்டைக் கையால் தடவினாள். ரிஜின் அந்தக் கையையே பார்த்தான். பாவம், இந்த மனுஷி எதைக் காவல் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்! இந்த மலையில் பாதி டிரைவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் கிளட்சை அமுக்கி வண்டியை உருள விடுவார்கள், டீசல் மிச்சம் என்று. கிளட்சை அமுக்கினால் எஞ்சின் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தாது. ஆள் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறிக் கைவிட்டால் பிறகு கர்த்தர் விட்ட வழி. சுவக்கீன் செத்தது அப்படித்தான் என்பது இப்போது ரிஜினுக்குப் புரிந்துவிட்டது. செத்தும் அவன் காலை எடுக்கவில்லை.

"அக்கா, நாஞ் சொல்லுறதக் கேளுங்க. அவரு காப்பாத்தல. அந்த மண்திட்டுதான் காப்பாத்துச்சு. அன்னைக்கு எத செஞ்சு செத்தாரோ அதையேதான் இன்னும் செய்யுறாரு. திங்கக்கிழமை இவ ஆள ஏத்திட்டு எறங்குனா, ஒரு வண்டிப் பொம்பளைக இவகூடப் போயிருவாங்க."

"ஏந் தம்பி இப்படிப் பேசுறீக? பெத்த அப்பன் புள்ளையக் கொல்லுவானா?"

"கொல்லணும்னு எந்த அப்பன் நெனைப்பான்? பழக்கம்க்கா. கால் நெனைக்காது."

சிசிலியிடம் பேசிப் பயனில்லை. ரிஜின் மறுபடியும் வண்டிக்கடியில் நுழைந்தான். பின்னைப் பிடுங்கி, பெடலுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவிலிருந்த இணைப்புக் கம்பியைக் கழற்றி எடுத்தான். மூடுமஞ்சின் குளிரையும் மீறி அது கதகதப்பாக இருந்தது. இனி அந்தப் பெடலை யார் மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. கியரில் விட்ட வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது.

"இது எங்கிட்ட இருக்கட்டும். மொதல்ல பூசையக் குடுங்க. அப்புறம் மாட்டித் தாரேன்."

"அதக் குடுத்துட்டுப் போங்க தம்பி!" சிசிலி அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "அதுலதான் அவுக இருக்காக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஜிஸ்மிதான் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். "போங்கண்ணே. அம்மாவ நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தாலும் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்தக் குரலே போதும் என்று ரிஜினுக்குத் தோன்றியது.

கம்பியைப் பக்கத்து சீட்டில் எறிந்துவிட்டுத் தன் வண்டியை எடுத்தான். மூடுமஞ்சில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் வெறும் வெண்மை. இரண்டாவது கியரைப் போட்டு, எஞ்சினின் பிடியிலேயே இறங்கினான். வண்டி கட்டுக்குள் முனகிக்கொண்டே போனது. ஜிஸ்மி பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டான். மூச்சு சீரானது.

முனகல் நின்றது.

எஞ்சின் சத்தம் திடீரென்று தணிந்தது. வண்டி வேகம் எடுத்தது.

ரிஜின் குனிந்து பார்த்தான். அவன் இடது கால் தரையில் இருந்தது. பக்கத்தில் கிளட்ச் பெடல் முழுசாக அமுங்கிக் கிடந்தது.

காலைக் கொக்கிபோலக் கொடுத்து அதை மேலே இழுத்தான். வரவில்லை. கணுக்காலில் ஏதோ உரசியது. முரட்டுக் காக்கித் துணி. உள்ளே ஒரு கால்.

பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான். அது மெத்தென்று உள்ளே போனது. வளைவு வந்துவிட்டது. ஸ்டியரிங்கை மலைச்சுவர் பக்கம் ஒடித்தான். வண்டி பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போய், சக்கரம் சாலையோர வாய்க்காலில் இறங்கி நின்றது. அவன் பக்கத்துக் கதவு பாறையோடு ஒட்டிக்கொண்டது. மறுபக்கத்துக் கதவுக்கு வெளியே ஒன்றுமே இல்லை.

இரண்டாவது கியரில் வண்டி நின்றது. எஞ்சின் அணையாமல் சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினான். அணையவில்லை.

போன் அடித்தது. ஜிஸ்மி.

"அண்ணே, வீடு போய்ச் சேந்துட்டீகளா? அம்மா ஜீப்புக்குள்ள ஒக்காந்து ஒரே அழுகை. உங்ககிட்ட பேசணுங்காங்க."

போன் கைமாறுகிற சத்தம். பிறகு சிசிலியின் குரல், அழுது அழுது கம்மிப்போய்.

"தம்பி, சீட்டு சில்லுன்னு ஆயிருச்சு. கூப்புட்டுப் பாத்தேன், இங்கன இல்ல. அவுக ஒங்ககூட வந்துட்டாகளா?"

ரிஜின் கிளட்ச் பெடலைப் பார்த்தான். அது அமுங்கியே கிடந்தது.

"வந்திருந்தா ஒண்ணும் செஞ்சுராதீக தம்பி. நல்ல மனுசன். ஒங்களப் பத்திரமா வீட்டுல கொண்டு சேத்துருவாக."

வாய்க்காலில் இறங்கியிருந்த சக்கரம் தானாகவே மேலே ஏறியது. வண்டி பாதைக்கு வந்து, இறக்கத்தைப் பார்த்துத் திரும்பியது.